அந்த 'எனவே' எங்கிருந்து வந்தது?

உயிரணு ஆய்வில் நம்மிடையே ஒரு வாக்கியம் வேரூன்றிவிட்டது: "ஏகேடி பாஸ்பரிலேற்றம் கூடியிருக்கிறது, எனவே உயிரணு திட்டமிட்ட இறப்பிலிருந்து தப்புகிறது." ஆய்வேடுகளிலும் கருத்தரங்குகளிலும் வாய்மொழித் தேர்வுகளிலும் இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். அதிலுள்ள 'எனவே'க்குச் சான்று கேட்பவர் குறைவு.

இக்கூற்றுக்கு அடிப்படை உண்டு. புரதத்தின்மீது பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும் அதன் செயலை மாற்றும் என்பதை 1950களின் நடுவில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் காட்டினர். அதற்காக 1992இல் நோபல் பரிசு பெற்றனர். 1972இல் கெர், வில்லி, கர்ரி மூவரும் உயிரணுவின் ஒழுங்கான இறப்புக்கு அப்போப்டோசிஸ் எனப் பெயரிட்டனர். இவ்விரு துறைகளும் 1990களில் 'பேட்' என்னும் சிறு புரதத்தில் சந்தித்தன. பாஸ்பேட் ஏறாத பேட், மைட்டோகாண்ட்ரியாவைக் காக்கும் பி.சி.எல்-எக்ஸ்.எல் புரதத்தைப் பற்றி முடக்குகிறது. காவல் குலைந்தால் சைட்டோகுரோம் சி வெளியேறும். காஸ்பேஸ்கள் செயல்பட்டு உயிரணுவைச் சிதைக்கும். வளர்ச்சிக் காரணியின் சமிக்ஞை கிடைத்தாலோ, ஏகேடி கைனேஸ் பேட் புரதத்தில் (சுண்டெலியில் 136ஆம் செரினில்) பாஸ்பேட்டை ஏற்றுகிறது. 14-3-3 புரதம் அந்தப் பேட்டைப் பிடித்துச் சைட்டோபிளாசத்திலேயே நிறுத்திவிடுகிறது. உயிரணு பிழைக்கிறது.

இதைப் பொதுவிதியாக்கும்போதுதான் பிழை நேர்கிறது. எம்.சி.எல்-1 உயிரணுவைக் காக்கும் புரதம். ஜி.எஸ்.கே-3 அதன் 159ஆம் செரினில் பாஸ்பேட்டை ஏற்றினால் அது சிதைவுக்கு அனுப்பப்படுகிறது. பேட்டில் உயிர் காத்த அதே வேதிவினை, இங்கே இறப்பை நெருங்கச் செய்கிறது. காஸ்பேஸ்-9 இன்னொரு எச்சரிக்கை. மனிதப் புரதத்தின் 196ஆம் செரினில் ஏகேடி பாஸ்பேட்டை ஏற்றி அதை அடக்குவதாக 1998இல் அறிவிக்கப்பட்டது. சுண்டெலியின் காஸ்பேஸ்-9இல் அந்த இலக்கே இல்லை. எந்தப் புரதம், எந்த இடம், எந்த உயிரினம் என்று சொல்லாமல் 'பாஸ்பரிலேற்றம் காக்கிறது' என்பது பாதி வாக்கியமே.

ஆகவே காரணத்தொடர்பைக் கோரும் ஆய்வு இரண்டைச் செய்ய வேண்டும். முதலாவது, குறிப்பிட்ட செரினை அலனினாக மாற்றிப் பாதுகாப்பு மறைகிறதா எனப் பார்த்தல். செரினுக்குப் பதில் குளூட்டமேட்டை வைத்துப் பாஸ்பேட்டைப் போலச்செய்வது மட்டும் போதாது. 14-3-3 பொதுவாக அந்தப் போலியை ஏற்பதில்லை. இரண்டாவது, இறப்பையே அளத்தல்: காஸ்பேஸ் செயல்பாடு, சைட்டோகுரோம் சி வெளியேற்றம், அனெக்சின் பிணைப்பு. வெஸ்டர்ன் பிளாட்டில் தடித்த ஒரு பட்டை இவற்றுக்கு ஈடாகாது.

எதிர்பொருள்கள் விலை மிக்கவை, உதவித்தொகைக் காலம் குறுகியது, ஒரு திரிபை உருவாக்கவே மாதங்கள் ஆகும் என்பார்கள். நியாயமான மறுப்புத்தான். ஆனால் வசதியின்மை சோதனையைச் சுருக்கலாம். முடிவைப் பெருக்கக் கூடாது. "பாஸ்பரிலேற்றம் கூடியது, இறப்பு குறைந்தது, இவற்றின் தொடர்பு இன்னும் சோதிக்கப்படவில்லை" என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் குறையக் கூடாது. இது வெறும் சொல்நயச் சிக்கலன்று. புற்றுக்கட்டிகளில் எந்தக் கைனேஸை மருந்தால் தடுப்பது என்ற தேர்வு இத்தகைய வாக்கியங்களின்மேல்தான் எழுகிறது. அடுத்த வாய்மொழித் தேர்வில் நெறியாளர்களும் தேர்வாளர்களும் ஒரு கேள்வியையேனும் கேட்கட்டும்: அந்த இடத்தை மாற்றிப் பார்த்தீர்களா?