அண்ணன் செல்லா, தம்பி செல்லா?

கர்ப்பிணியின் கையில் ரத்தம் எடுத்து, வயிற்றுக் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க வாய்ப்பு உண்டா என்று பார்க்கிறார்களே... குழந்தையின் சமாசாரம் அம்மாவின் ரத்தத்துக்கு எப்படி வந்தது?

குழந்தையின் செல்கள் சில, நச்சுக்கொடியைத் தாண்டி அம்மாவின் ரத்தத்தில் கலந்துவிடுகின்றன. 1969-லேயே, கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஆண் குரோமோசோம் உள்ள செல்களைப் பார்த்துவிட்டார்கள். அவற்றைப் பிடித்துவிட்டால், வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுக்க வேண்டியதில்லையே! ஆனால், பிடிப்பது லேசில்லை. ஒரு மில்லி ரத்தத்தில் சிவப்பணுக்கள் மட்டுமே சுமார் 400 கோடி. குழந்தையின் செல் ஒன்றோ இரண்டோதான். ஒளிரும் சாயம் ஏற்றி லேசரில் பிரித்தார்கள், காந்தத் துகள்களை ஒட்டி இழுத்துப் பார்த்தார்கள். கிடைத்தது சொற்பம்.

1996-ல் இன்னொரு சிக்கல். அமெரிக்க மருத்துவர் டயானா பியாங்கியின் குழு, மகனைப் பெற்று 27 வருடம் ஆன ஒரு தாயின் ரத்தத்தில் ஆண் செல்களைக் கண்டது. பிள்ளை வேலைக்கே போயிருப்பான், அவன் செல் இன்னும் அம்மாவிடம்! கேட்க நெகிழ்ச்சிதான். டாக்டர்களுக்கோ தலைவலி. அகப்பட்ட செல் இந்தக் குழந்தையுடையதா, மூத்தவனுடையதா?

மறுவருடமே வேறு வழி திறந்தது. செல்களைத் தேடியவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய பிளாஸ்மாவை, ஹாங்காங்கைச் சேர்ந்த டென்னிஸ் லோ எடுத்துக்கொண்டார். இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் மாதிரி சில நிமிடங்கள் கொதிக்கவைத்தார் (நிஜமாகவே அதுதான் அவருக்கு யோசனை தந்தது). குழந்தையின் டி.என்.ஏ துணுக்குகள் அதில் மிதந்தன. பிரசவமான ஓரிரு நாளில் இவை மறைந்துவிடும் என்பதால், அண்ணனா தம்பியா என்ற குழப்பமும் இல்லை. இப்போது 10-வது வாரத்திலிருந்து செய்யப்படும் என்.ஐ.பி.டி பரிசோதனை இதில் பிறந்ததுதான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இந்தத் துணுக்குகள் பெரும்பாலும் நச்சுக்கொடியிலிருந்து வருபவை. நச்சுக்கொடியில் கோளாறு இருந்து, குழந்தை நன்றாகவே இருப்பதும் உண்டு. ரிப்போர்ட்டில் ‘ஹை ரிஸ்க்’ என்று வந்தால், அதை மட்டும் வைத்துக் கருவைக் கலைக்கும் முடிவுக்குப் போகாதீர்கள். பனிக்குட நீர் போன்ற பரிசோதனையில் உறுதிசெய்த பிறகே எதையும் பேச வேண்டும்.

ஆணா, பெண்ணா என்பதும் இந்த ரத்தத்தில் தெரியும்தான். 1994-ம் வருடச் சட்டப்படி நம் நாட்டில் அதைச் சொல்லக் கூடாது. டாக்டரை நச்சரிக்காதீர்கள்.