மண்கரையில் ஒரு வீடு

திருவிடைமருதூருக்கு வடக்கே ஓடும் காவிரியின் கரையில் வைகறையில் உலவுவோர்க்குக் காட்சிகள் பல. நடவுக்கு விரையும் பெண்டிர், பால்காரர், திருபுவனத்துப் பட்டு நெசவாளர் என எதிர்ப்படுவோர் எவர்க்கும் நின்று பார்க்க நேரமில்லை. மடையோரம் அசையாது நிற்கும் மடையானுக்கோ நேரம் ஏராளம். நிற்கையில் மண்ணின் நிறம்; பறந்தெழுந்தால் வெள்ளை வெளேரென்ற சிறகு!

மின்கம்பியில் வெண்மார்பு மீன்கொத்தி அமர்ந்திருக்கிறது. மீன் மட்டுமன்று, வெட்டுக்கிளி, நண்டு, ஓணான் முதலியனவும் அதற்கு உணவாம். அதன் வீடு மரத்தில் இல்லை. செங்குத்தான மண்கரையை ஆணும் பெண்ணும் அலகால் குடைந்து, ஒரு முழ அளவுக்கு வளை அமைத்து, அதன் கோடியில் வெண்ணிற முட்டைகளை இடுகின்றன.

நாமோ அக்கரையை மண்ணுக்காக வெட்டுகிறோம். அல்லது சிமெண்டுப் பூச்சால் மூடுகிறோம். கரை உடைந்தால் உழவர் படும் துயரை நாம் அறிவோம். அதனைப் பலப்படுத்தத்தான் வேண்டும். ஆயினும், உடைப்புக்கு அஞ்ச வேண்டாத மேட்டுப் பகுதிகளையேனும் மண்ணாகவே விட்டுவைத்தல் ஆகாதா? அங்கே வளையைக் கண்டால், குஞ்சுகள் பறந்து போகும் வரையிலாவது மண்வெட்டியை நிறுத்தி வைப்போமாக.