கிச்சன் பிளான் போடுறதுக்கு முன்னாடி அம்மாவைக் கேளுங்க

போன செமஸ்டர் லீவுல எங்க வீட்டு கிச்சனை இடிச்சுக் கட்டினோம். "பையன் இன்ஜினியர் ஆகப்போறான், பிளான் அவனே போடட்டும்" என்றார் அப்பா. எனக்கும் ஒரே பெருமை. ரெண்டே நாளில் 3டி மாடல் வரைக்கும் ரெடி. அடுப்பு, சிங்க், ஃப்ரிட்ஜ் மூன்றையும் இணைக்கும் முக்கோணத்தின் மொத்தச் சுற்றளவு 13 முதல் 26 அடிக்குள் இருக்கணும் என்பது டிசைனில் ஒரு பழைய விதி. என் பிளானில் 16 அடி. சூப்பர்ல?

மேடை உயரம் 34 அங்குலம். அதுதான் எல்லாரும் வைக்கிறதுன்னு மேஸ்திரி சொன்னார். ஷோரூமில் நானும் நின்று பார்த்தேன், சரியா இருந்தது. என் உயரம் 5 அடி 5 அங்குலம். அம்மா 4 அடி 10.

மேடைக்கு மேல அடுப்பு, அடுப்புக்கு மேல குக்கர். இப்போ அம்மா ஒரு மணை மேல ஏறி நின்னுதான் சாம்பார் கிளறுறாங்க. கொதிக்கிற எண்ணெய் பக்கத்துல அப்படி நிக்கிறது எவ்வளவு ஆபத்து! ராத்திரி தோளுக்குத் தைலம். மிக்ஸி பிளக் பாயின்ட் வேற ஃப்ரிட்ஜ் பக்கம் போயிடுச்சு. என் முக்கோணத்தில் மிக்ஸியும் இல்ல, கிரைண்டரும் இல்ல.

மேடை என்பது நிற்பவரின் முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருந்தால் போதும். அம்மாவுக்கு சுமார் 31, 32 அங்குலம். ஒரு டேப் எடுத்து அளந்திருந்தா ரெண்டு நிமிஷ வேலை. 'யூசர் யாருன்னு முதல்ல கேளு' என்று கிளாஸ்ல படிச்சு மார்க்கும் வாங்கினவன் நான். வீட்டில் அந்த யூசரைக் கேட்கவே தோணல.

1926இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் ஆர்க்கிடெக்ட் ஒரு சின்ன கிச்சனை வடிவமைத்தார். இன்றைய மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி அதுதான். அதுக்கு முன்னாடி தான் சமைத்ததே இல்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் சமையலறை வேலைக்கு எத்தனை அடி நடக்கணும், எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் பார்த்துதான் வரைந்தார். சமைக்கத் தெரியாதது என் தப்பு இல்ல. கவனிக்காததுதான் தப்பு.

உங்க வீட்டிலும் வேலை ஆரம்பிக்கப் போறீங்கன்னா, உடைக்கறதுக்கு முன்னாடி மூணு நாள் சும்மா கிச்சன்ல நின்னு பாருங்க. எது எங்க, எத்தனை தடவைன்னு எழுதுங்க. சுவரில் சாக்பீஸால் மேடை உயரத்தைக் கோடு போட்டு, சமைக்கிறவரையே நிற்க வையுங்க. பிளக் பாயின்ட்டை எங்கே வைக்கணும்னு அவங்களே காட்டட்டும். பைப், வயரிங், பூச்சு, மேடை, டைல்ஸ், கடைசியா கப்போர்டு என்றுதான் வேலை நகரும். கிரானைட் பதிச்ச பிறகு மனசு மாறினா ரெட்டைச் செலவு.

மேடையை இறக்க இப்போ பணம் இல்ல. அதுவரைக்கும் என்ன பண்றது? யோசிச்சுப் பார்த்தா, அந்த மேடை கச்சிதமா பொருந்துற ஆள் வீட்டில் ஒருத்தன் இருக்கான். லீவுக்குப் போனா ராத்திரி தோசை இனிமே நான்தான்.