பேச்சற்றோரின் திணை

மேட் ரீவ்ஸ் இயக்கத்தில் 2017இல் வெளிவந்த 'வார் ஃபார் த பிளானட் ஆஃப் த ஏப்ஸ்', பெயரளவில் போர்ப்படம். தொடக்கத்தில் ஒரு காட்டுச் சண்டை, முடிவில் ஒரு முற்றுகை. இடைப்பட்ட நெடும்பகுதி ஒரு சிறைமுகாமின் கதை. விமர்சகர்கள் பலரும் அதில் மோசேயையும் சிலுவையையும் 'அப்போகலிப்ஸ் நவ்' படத்தையும் கண்டனர். காண்பது கடினமன்று, சுரங்கச் சுவரில் அப்படத்தின் பெயரையே சிலேடையாக்கி எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஒப்புமைகளோடு நின்றுவிட்டால் படம் எழுப்பும் கேள்வி நழுவிவிடும்: பேச்சு போய்விட்டால் மனிதரில் எஞ்சுவது என்ன?

2011இல் வந்த முதற்படத்தில் சீசர் என்னும் சிம்பன்சி வாய்திறந்து சொன்ன முதற்சொல் ஒரு மறுப்பு. மூன்றாம் படத்தில் ஆறு எதிர்த்திசையில் ஓடுகிறது. மனித இனத்தின் பெரும்பகுதியை அழித்த நோய்க்கிருமி உருமாறி, எஞ்சியோரின் பேச்சைப் பறிக்கிறது. வுடி ஹாரல்சன் ஏற்ற கர்னலுக்கு அது வெறும் குரலிழப்பு அன்று. நோயுற்றோர் விலங்காகத் தாழ்ந்துவிட்டனர் என்று முடிவுகட்டிப் பெற்ற மகனையே சுட்டவன் அவன். அச்செயலை அவன் சீசரிடம் நிதானமாக, தருக்க ஒழுங்கோடு விளக்குவதுதான் படத்தின் மிகக் கொடிய காட்சி. மொழியே பகுத்தறிவின் சான்று, பகுத்தறிவே மனிதத் தகுதி என்னும் வாதம் மெய்யியல் வகுப்புகளில் பழகிப்போன ஒன்று. 1637இல் தெகார்த், விலங்குகள் பேசாமையை அவற்றின் பகுத்தறிவின்மைக்குச் சான்றாகக் காட்டினார். ஆனால் காதுகேளாத, வாய்பேசாத மனிதர் தாமே சைகைகளை உருவாக்கிக்கொள்கின்றனர் என்பதையும் அதே இடத்தில் குறித்தார். கர்னல் இந்த இரண்டாம் பாதியைப் படித்தவனாகத் தெரியவில்லை.

படம் அந்த இரண்டாம் பாதியை நோவா என்னும் சிறுமியிடம் ஒப்படைக்கிறது. பேச்சிழந்த அவள், தன் கூந்தலில் பூச்சூட்டிய கொரில்லா இறக்கும்போது அழுகிறாள். முகாமுக்குள் தனியே நுழைந்து சீசருக்கு நீர் தருகிறாள். ஒராங்குட்டான் மாரிஸிடம் சைகை கற்கிறாள். தானும் குரங்குதானா என்று அவள் கையால் கேட்க, நீ நோவா என்று மாரிஸ் விடையளிக்கும் இடம் முத்தொகுப்பின் உச்சம். 1968ஆம் ஆண்டு வந்த மூலப்படத்தில் பேசாத மனிதர்கள் ஏறத்தாழ மந்தையாகவே காட்டப்பட்டனர்; அங்கும் நோவா என்ற பெண் உண்டு. அப்பெயரை மீண்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் பழைய பார்வையை ரீவ்ஸ் திருத்தியிருக்கிறார்.

தமிழில் இப்படத்தைப் பற்றி எழுதுபவருக்கு இக்கேள்வி முதல் வாக்கியத்திலேயே வந்து நிற்கும். சீசர் 'கூறினான்' என்பதா, 'கூறியது' என்பதா? ஆங்கிலத்தில் வினைச்சொல் காட்டிக்கொடுக்காததைத் தமிழ் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் உயர்திணையை மக்களுக்கு உரியதாக்குகிறது; பொருளதிகாரத்தின் மரபியலோ ஆறறிவு உயிர்களாக மக்களைச் சொல்லிவிட்டு, அவ்வகையில் பிறவும் உண்டு என்று கதவைச் சற்றே திறந்துவைக்கிறது. இலக்கணம் மூடியதை உயிர்ப்பகுப்புத் திறக்கும் இந்த முரண் இன்னும் போதிய கவனம் பெறவில்லை. சீசருக்கு 'அவன்' என்று எழுதுவது உரிமையளிப்பதுபோல் தோன்றும். ஆனால் அவன் பேசுவதனால்தான் அந்த 'அவன்' என்றால், அது கர்னலின் அளவுகோலன்றி வேறென்ன?

படமே இக்கண்ணியிலிருந்து முழுதும் தப்பவில்லை. ஆண்டி செர்கிஸின் நடிப்பு ஒப்பற்றது. ஆனாலும் சீசரின் அறத்தகுதி ஏறஏற அவனது ஆங்கிலமும் செம்மைப்படுகிறது. சைகை மட்டுமே அறிந்தோர் அவனைச் சூழ்ந்து நிற்கும் பரிவாரம். பெண் குரங்குகளின் நிலை அதினும் கீழ்: மனைவி கார்னீலியா கதை தொடங்கியதும் கொல்லப்படுகிறாள், லேக் ஏறக்குறைய பின்னணியிலேயே நின்றுவிடுகிறாள். மறுபுறம், பேச்சிழந்த கர்னல் தன் வரையறைக்குத் தானே இரையாகும் காட்சியில் படம் ஒரு வசனமும் இன்றி நிற்கத் துணிகிறது. சீசர் துப்பாக்கியை நீட்டுகிறான், சுடாமல் விடுகிறான். மற்றதைக் கர்னலே முடித்துக்கொள்கிறான்.

அத்துணிவு இறுதிவரை நீடிக்கவில்லை. ஏரிக்கரையில் சீசரின் உயிர் பிரியும் வேளையில், பெரும்பாலும் கைகளால் பேசிவந்த மாரிஸ் வாய்திறந்து குரலால் பேசுகிறான். காட்சி உருக்கமானது. ஆயினும் நோவாவுக்குச் சைகை கற்பிக்கப் போதுமாயிருந்த அக்கைகள், நண்பனுக்கு விடைகொடுக்கப் போதாமற்போனது ஏன் என்பதற்குப் படத்தில் விடையில்லை.