துரை காலத்துக்கு ஏங்குகிறவர்களுக்கு

போன மாதம் எங்கள் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் வீட்டுக் காணி பற்றிப் பேச்சு வந்தது. ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் எழுந்து, "வெள்ளக்காரத் தொரை இருந்திருந்தா நமக்கு இந்தக் கேடு வந்திருக்குமா தம்பி?" என்று கேட்டார். கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். பெரியவர் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்தக் கேள்வியை இனியும் பதில் சொல்லாமல் விட முடியாது, தோழர்களே. மே மாதம் வந்தால் ஒரு பக்கம் குடியரசுப் பெருமை, மறுபக்கம் துரை காலப் பெருமை. இரண்டுமே நம்மை ஏமாற்றும் பேச்சு.

பெரியவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்தக் காலத்தில் மலை காடேறிக் கிடக்கவில்லை. ஓட்டைத் தகரத்தை மாற்றினார்கள். பிள்ளை மடுவத்தில் பால் கொடுத்தார்கள். ஆனால் துரை எதற்காக மலையைப் பார்த்துக்கொண்டார்? மலை அவருடைய கொம்பனியுடையது. மாட்டுக்குப் புல் போடுகிறவனை மாட்டின் உறவுக்காரன் என்று யாரும் சொல்வதில்லை.

அந்த மலை கொம்பனிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் வேறொருவருக்குச் சொந்தமென நிரூபிக்கப்படாவிட்டால் முடிக்குரியவை என்றது. கண்டிச் சீமையின் கிராமத்தவனிடம் பத்திரம் இல்லை. காடு முடிக்குப் போனது, முடியிடமிருந்து கோப்பித் துரைமாருக்குப் போனது. சிங்கள விவசாயியின் காணியைப் பறித்தவன் யார் என்று இன்றும் சிலர் நம்மை நோக்கி விரல் நீட்டுகிறார்களே, அவர்களுக்கு இந்தச் சட்டத்தின் ஆண்டையும் இலக்கத்தையும் சொல்லுங்கள். நம் முன்னோர் அந்தச் சட்டத்தை எழுதவில்லை. அதன்படி காட்டை வெட்டக் கூட்டிவரப்பட்டவர்கள் அவர்கள்.

எப்படிக் கூட்டிவரப்பட்டார்கள் என்பதைத் திரும்பவும் சொல்ல வேண்டியதில்லை. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழி நடந்த கதை எல்லா வீட்டிலும் உண்டு. கங்காணிக்குத் தலைக்காசு, தொழிலாளிக்குக் கடன். கடன் தொகையை எழுதிய துண்டு ஒன்றைக் கையில் கொடுத்து, அதை அடைக்கிற துரையிடம் ஆளை ஒப்படைக்கும் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்னறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப் போனவனுக்குச் சிறை. துரை காலத்தின் அருமை இதுதான்.

இனி குடியரசுக்கு வருவோம். அதற்கு முன்பே நம்மை வாசலுக்கு வெளியே நிறுத்தியாகிவிட்டது. 1947 பொதுத்தேர்தலில் மலையகத்தில் நம் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பியது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டு வாக்கும் போனது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். எங்கே போக விருப்பம் என்று யாரும் லயத்துக்கு வந்து கேட்ட பின்பு போட்ட கணக்கல்ல அது.

இந்தக் கணக்கு முடியாமல் இருக்கும்போதே, 1972 மே 22ஆம் திகதி இலங்கை குடியரசானது. அந்த அரசியலமைப்பை ஆக்கிய அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வா. அவர் யார்? 1940இல் முல்லோயா தோட்டத்தில் பொலிசார் கோவிந்தனைச் சுட்டுக் கொன்றபோது, அவருடைய மனைவியின் சார்பில் விசாரணைக்குழு முன் வாதாடிய வழக்கறிஞர். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்த கட்சிக்காரர். 1970 அமைச்சரவையில் அவரிடம் இருந்த பொறுப்புகள் இரண்டு: ஒன்று அரசியலமைப்பு, மற்றது பெருந்தோட்டக் கைத்தொழில். நம்மை இவ்வளவு தெரிந்த ஒரு மனிதர் இந்த இரண்டு நாற்காலியிலும் ஒரே நேரத்தில் உட்கார்ந்ததில்லை. ஆனால் அவர் எழுதிய அரசியலமைப்பில் பேச்சு, எழுத்து, ஒன்றுகூடும் உரிமைகள் "ஒவ்வொரு பிரஜைக்கும்" என்று இருந்தன. நாம் பிரஜைகள் இல்லை. சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு என்று சோல்பரி அரசியலமைப்பில் இருந்த 29ஆம் பிரிவும் போய்விட்டது. அந்தப் பிரிவு நம்மைக் காப்பாற்றியதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அதையும் எடுத்துவிட்டார்கள்.

அதே ஆண்டு காணிச் சீர்திருத்தச் சட்டமும் வந்தது. 1971 கிளர்ச்சிக்குப் பயந்த அரசாங்கம் கிராமத்து இளைஞருக்குக் காணி காட்ட வேண்டியிருந்தது. ஒருவருக்கு 50 ஏக்கர், வயல் என்றால் 25 ஏக்கர் என்று வரம்பு கட்டினார்கள். யாரை விட்டுவிட்டார்கள் தெரியுமா? கொம்பனிகளை. முடியாட்சியைத் துரத்திய குடியரசு, லண்டனில் பதிவு செய்த கொம்பனியின் தேயிலையில் கை வைக்க மேலும் மூன்று ஆண்டுகள் எடுத்தது.

பெரியவருக்கு என் பதில் அந்த மூன்று ஆண்டுக்குள் இருக்கிறது. பஞ்சம் வந்தது அப்போதுதான். அரிசிக் கூப்பன் வெட்டுப்பட்டது, மாவு கிடைக்கவில்லை, மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகத் தடை. கிராமத்தவனுக்கு ஒரு துண்டு வயலோ பலா மரமோ இருந்தது. லயத்தில் இருந்தவனுக்கு வாசற்படிக்கு வெளியே ஓர் அடி மண்ணும் சொந்தமில்லை. தோட்டங்களில் சாவு நாட்டின் சராசரியை விட மிக அதிகமாக ஏறியது. தாய்மார் பிள்ளைகளோடு நகரத்துக்கு இறங்கிக் கையேந்தினார்கள். எத்தனையோ குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. இதைச் சிறிமா காலத்துப் பஞ்சம் என்று நாம் சொல்கிறோம். சரி. ஆனால் பட்டினி கிடந்தவர்களில் பெரும் பங்கினர் வேலை செய்த மலைகள் அப்போதும் வெள்ளைக்காரக் கொம்பனிகளுடையவை. எப்படியும் தோட்டம் கைமாறப் போகிறது என்று தெரிந்ததும் அவர்கள் உரம் போடுவதைக் குறைத்தார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள். நம் பெரியவர் ஏங்குகிற அதே துரைமார்!

1975இல் கொம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. நான்கு இலட்சம் ஏக்கருக்கு மேல். கொம்பனிகளுக்கு நட்டஈடு கொடுத்தார்கள். காட்டை முடிக்கு இழந்த கிராமத்தவனுக்கு நட்டஈடு இல்லை, நூறு ஆண்டு அதில் உழைத்தவனுக்கும் இல்லை. பெரட்டுக்களத்தில் கொடி மாறியது, செக்ரோல் மாறவில்லை. பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாட்சம்பளம்கூட அரசாங்கம் முதலாளியான நாளில் தானாக வரவில்லை. 1984இல் நாம் வேலைநிறுத்தம் செய்து வாங்கினோம்.

காணியை மட்டும் பிரிக்கத் தொடங்கினார்கள். தோட்டத்தில் பிறந்தவனுக்குக் கொடுக்க அல்ல, அவனை அகற்றிவிட்டு வெளியே இருப்பவருக்குக் கொடுக்க. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கரை அப்படிப் பிரிக்க முயன்றபோது டெவன் தோட்டத் தொழிலாளர் மறித்தார்கள். 1977 மே 11ஆம் திகதி பொலிஸ் சுட்டது. சிவனு இலட்சுமணன் விழுந்தார். பிரிப்பு நின்றது. குடியரசின் முதல் ஐந்து ஆண்டுகளில் நமக்குக் கிடைத்த ஒரே காணி வெற்றி அது, அதுவும் ஒரு உயிரின் விலைக்கு. மே 22ஐக் கொண்டாட விரும்புகிறவர்கள் அதற்கு முன் மே 11ஐ நினைத்துக்கொள்ளட்டும்.

1992இல் தோட்டங்கள் மறுபடியும் கொம்பனிகளிடம் போயின. நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை 2045 வரை. கடைசி நாடற்றவருக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் வர 2003 ஆனது. இப்போது ஏழு பேர்ச் பற்றிப் பேசுகிறார்கள். வீடு கட்டிக் கொடுத்த இடத்திலும் உறுதி கையில் வராத குடும்பங்கள் உண்டு. கேட்டால் கொம்பனி அரசாங்கத்தைக் காட்டுகிறது, அரசாங்கம் குத்தகையைக் காட்டுகிறது.

அன்று கூட்டத்தில் பெரியவரிடம் ஒன்று கேட்டேன். "தாத்தா, தொரை போகும்போது உங்களுக்கு எத்தனை பேர்ச் எழுதிக் கொடுத்துட்டுப் போனார்?" அவர் சிரித்துவிட்டார். பிறகு, உறுதி கோரும் மனுவில் தன் பெயரை முதலாவதாக எழுதச் சொன்னார். மனு இந்த மாத இறுதி வரை மாவட்டக் காரியாலயத்தில் இருக்கும். தோட்டத் தலைவர்கள் கையொப்பங்களோடு கொண்டுவந்து சேர்க்கவும்.