பளபளப்பு மலிந்த பிறகு

ஸ்டெயின்வேயின் நியூயார்க் ஆலை பியானோக்களில் கருப்பு அடங்கித் தெரியும். அதே நிறுவனத்தின் ஹாம்பர்க் பியானோவில் முகம் பார்க்கலாம். நெடுங்காலம் இதுதான் வழக்கம். அண்மையில்தான் நியூயார்க்கும் பளபளப்புக்கு இடம் கொடுத்தது. எது அழகு என்று வாங்குபவர்கள் வாதாடுகிறார்கள். எனக்கு இது கைவேலையின் மதிப்பு இடம் மாறிய வரலாறாகப் படுகிறது.

19ஆம் நூற்றாண்டில் பளபளப்பு என்றாலே உழைப்பு. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப் பொட்டலத்தில் ஊற்றி, துளி எண்ணெய் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்ப்பார்கள். பூசுவதும் காயவிடுவதுமாக வாரக்கணக்கில் இழுக்கும். அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளின் புரசு போன்ற மரங்களில் பூச்சிகள் சுரந்தது. லண்டன் வரவேற்பறைகளின் மினுமினுப்பில் நம் காடுகளுக்கும் பங்குண்டு.

1920களில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைத் தெளிப்பானால் அடிக்கத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பாலியெஸ்டர் பரவியது. கெட்டியாகப் படியும் அதைத் தேய்த்து, பஃபிங் சக்கரத்தில் காட்டினால் கண்ணாடிதான். பளபளப்பு இயந்திரத்தின் கைக்குப் போனது.

கைத்திறன் சாட்டின் எனப்படும் அந்த அடங்கிய பூச்சில் தங்கியது. லாக்கர் இறுகியதும் நுண்ணிய உராய்பொருளால் மரத்தின் ரேகை ஓடும் திசையில், ஒரு முனையில் தொடங்கி மறுமுனைவரை ஒரே இழுப்பாகத் தேய்க்க வேண்டும். நடுவில் கை தயங்கினாலோ குறுக்கே ஒரு கோடு விழுந்தாலோ விளக்கொளி காட்டிக் கொடுத்துவிடும். அந்த மெல்லிய இணைக்கோடுகள்தான் ஒளியைச் சிதறடித்து மேனியை மென்மையாக்குகின்றன. பல ஆண்டுகளுக்குப் பின் பாருங்கள்: விசைமூடியின் விளிம்பில், கை பட்டுப் பட்டு, கோடுகள் தேய்ந்து அந்த இடம் மட்டும் மினுங்கும்.

பூச்சால் நாதம் மாறும் என்பார்கள்; நம்ப வேண்டாம். நாதம் ஒலிப்பலகையில் பிறக்கிறது, வெளிப்பெட்டியில் அல்ல. ஆனால் விசைமூடியின் பளபளப்பில் தன் விரல்களே எதிரொளிப்பது சில கலைஞர்களுக்கு இடைஞ்சல்தான்.

புதிய பியானோவில் எதையும் தேர்ந்தெடுக்கலாம். பழையதைப் புதுப்பிக்கும்போது அரக்கைச் சுரண்டிவிட்டுப் பாலியெஸ்டர் அடிக்கச் சொல்வதுதான் என்னை வருத்துகிறது. அரக்கு ஸ்பிரிட் பட்டால் மறுபடி இளகும்; கீறல் விழுந்த இடத்தில் புதுப்பூச்சு பழையதோடு கலந்துவிடும். அதை அறிந்த பாலிஷ்காரரைத் தேடிப் பிடித்து, அந்தக் கீறலை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள்.