வாட்ச் டுபாக்கூரா?

"சார், இந்த வாட்ச் டுபாக்கூர் சார்."

ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைச் சொல்லிவிடுகிறார். 2019-ல் ஏரியைச் சீரமைத்து நடைபாதை போட்டுத் திறந்ததிலிருந்து காலை ஆறு மணிக்கு அங்கே நல்ல கூட்டம். பாதிப் பேர் கையில் ஸ்மார்ட் வாட்ச். நான் வாட்ச் கடைக்காரன் இல்லை. ஒன்றைக் கட்டிக்கொண்டு, அது சொல்வதை வாயால் எண்ணிச் சரிபார்க்கிற வியாதி உள்ளவன், அவ்வளவுதான். அது ஊருக்குத் தெரிந்துவிட்டதால் புகார்கள் என்னிடம் வருகின்றன.

எல்லாப் புகாரும் கடைசியில் ஒரே தீர்ப்பில் போய் நிற்கும்: "ஆயிரத்து ஐந்நூறு ரூபா வாட்ச் அப்படித்தான் இருக்கும். சரியா காட்டணும்னா இருபதாயிரம் போடணும்." இந்தத் தீர்ப்பைத்தான் நான் ஏற்கவில்லை. வாட்ச் தப்பாகக் காட்டுவது உண்மை. விலை குறைவாக இருப்பதால்தான் தப்பாகக் காட்டுகிறது என்பது பெரும்பாலும் உண்மையில்லை.

முதலில் அந்த இருபதாயிரம். 2017-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் யூவன் ஆஷ்லியின் குழு ஏழு வகைக் கைப்பட்டைகளை 60 பேருக்குக் கட்டி, டிரெட்மில்லில் நடக்கவும் ஓடவும், சைக்கிள் மிதிக்கவும் வைத்து, மருத்துவத் தரக் கருவிகளோடு ஒப்பிட்டது. ஆப்பிள், சாம்சங், ஃபிட்பிட், மைக்ரோசாஃப்ட் எல்லாம் அதில் இருந்தன. இதயத் துடிப்பில் ஏழில் ஆறு, 5 சதவீதப் பிழைக்குள் வந்தன. பாராட்டலாம். கலோரியில்தான் மானம் போனது. இருப்பதிலேயே நன்றாகச் செய்த பட்டைக்குச் சராசரி 27 சதவீதப் பிழை, மோசமானதற்கு 93. அதற்குப் பிறகு வாட்சுகள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் எந்த வாட்சும் நீங்கள் எரித்த கலோரியை நேராக அளப்பதில்லை. வயது, உயரம், எடை, நாடி, கையசைவு இவற்றை வைத்து ஒரு கணக்குப் போடுகிறது. காசு கூடக் கொடுத்தால் சொந்த ஜிபிஎஸ் கிடைக்கும், தேர்ந்த மென்பொருள் கிடைக்கும், தண்ணீர் புகாத உடம்பு கிடைக்கும். கலோரி மட்டும் ஊகமாகவேதான் இருக்கும். "முந்நூறு கலோரி எரிச்சாச்சு" என்று பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் இரண்டு பரோட்டா தின்பவரை இருபதாயிரம் ரூபாய் வாட்சும் காப்பாற்றாது.

அந்தக் கணக்குக்கு நாம் என்ன கொடுத்தோம் என்று பார்க்க வேண்டாமா? அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு நண்பர், வயது 61. மூச்சு வாங்க வேகநடை போனாலும் வாட்ச் 'லேசான உடற்பயிற்சி' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. "என்னைக் கிண்டல் பண்ணுது சார்" என்றார். செயலியைத் திறந்து சுயவிவரத்தைப் பார்த்தேன். வயது 28, உயரம் 170, எடை 60. வாட்சை வாங்கித் தந்த மகன் அவசரத்தில் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிவிட்டுப் போயிருக்கிறான். 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடி என்பது பல வாட்சுகளின் கணக்கு. 28 வயதுக்கு அது 192; 61-க்கு 159. நண்பரின் நாடி 125 போனபோது அவருடைய உண்மையான உச்சத்தில் அது 79 சதவீதம். வாட்சுக்கோ வெறும் 65. இளைஞன் சோம்பேறித்தனமாக நடக்கிறான் என்று அது நினைத்ததில் குற்றமில்லை.

அந்த 220 கணக்கே குத்துமதிப்புதான். 2001-ல் டனாகா குழு தந்த 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் கணக்குப்படி அதே நண்பருக்கு 165 வரும். இன்னொன்றும் உண்டு. பி.பி.க்கோ இதயத்துக்கோ அடெனோலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடி அடக்கி வைக்கப்பட்டிருக்கும். என்ன ஓடினாலும் வாட்சின் 'கொழுப்பு எரிப்பு' வளையத்துக்குள் அவர்கள் ஏறாமல் போகலாம். அது வாட்சின் பழுதல்ல, சோம்பலும் அல்ல. எவ்வளவு நாடி வரை போகலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்வதே வழி.

அடுத்த குற்றச்சாட்டு, அடி எண்ணிக்கை. இதில் எனக்குப் பிடித்த சாட்சி எங்கள் தெருத் தம்பி ஒருவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு குடோனில் டிராலி தள்ளும் வேலை. எட்டு மணி நேரம் நடை. ஷிஃப்ட் முடிந்து பார்த்தால் மூவாயிரம் அடிகூட ஏறியிருக்காது. பைக்கை எடுத்துக்கொண்டு சி.டி.எச். ரோட்டில் குலுங்கிக் குலுங்கி வீடு வந்து சேர்ந்தால் சில நூறு கூடியிருக்கும். "உழைச்சதுக்கு ஒண்ணும் இல்ல, உக்காந்து வந்ததுக்குக் கூலி குடுக்குது பாருங்கண்ணே" என்றார். இதைவிடச் சுருக்கமாக அந்தக் கருவியை யாரும் விளக்க முடியாது. வாட்சுக்கு உங்கள் காலைத் தெரியாது. மணிக்கட்டின் ஆட்டம் மட்டும்தான் தெரியும். டிராலிக் கைப்பிடியைப் பிடித்த கை ஆடுவதில்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும் பைக்கின் கைப்பிடி ஆடுகிறது. குழந்தை வண்டி தள்ளும் தாய்க்கும், டிரெட்மில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடப்பவருக்கும், காதில் போனை வைத்துப் பேசியபடி ஏரியைச் சுற்றுபவருக்கும் இதே கதிதான். ஒரு நாள் மார்க்கெட்டிலிருந்து இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு அடிகளை எண்ணிக்கொண்டே வந்தேன். நடந்ததில் பாதிகூட ஏறவில்லை. அதே தெருவில் மறுநாள் கையை வீசி நடந்தபோது கிட்டத்தட்ட அப்படியே ஏறியது.

இன்னொரு நுணுக்கம்: பல வாட்சுகள் தொடர்ந்து பத்துப் பதினைந்து அடி வைத்தால்தான் 'இது நடை' என்று நம்பி எண்ணத் தொடங்கும். கை தட்டுவதை எல்லாம் நடையாக எண்ணிவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. அதனால்தான் அடுப்படிக்கும் ஹாலுக்கும் நாளெல்லாம் நாலு நாலு அடியாக நடக்கும் பெண்களின் உழைப்பு கணக்கில் வருவதில்லை. (வாட்சும் அந்த விஷயத்தில் ஊரோடு ஒத்துப்போய்விட்டது.) டிராலித் தம்பிக்கு நான் சொன்னது, ஷிஃப்டில் போனை பேன்ட் பாக்கெட்டில் போட்டு அதன் எண்ணிக்கையைப் பாருங்கள் என்பதுதான். போன் தொடையோடு சேர்ந்து ஆடும். இப்போது ஒழுங்காக ஏறுகிறது. வாட்ச் அதே வாட்ச்தான்.

சரி, பத்தாயிரம் வரவில்லை என்று வருந்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த எண் மருத்துவர் எழுதிக் கொடுத்ததல்ல. 1965-ல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணியின் பெயர் 'மான்போ-கெய்', பத்தாயிரம் அடிக் கருவி. விளம்பரப் பெயர் உலகத்துக்கே இலக்காகிவிட்டது. 2019-ல் ஹார்வர்டின் ஐ-மின் லீ குழு வயதான பெண்கள் 16,741 பேரை ஆராய்ந்ததில், நடை கூடக்கூட இறப்பு குறைந்து, 7,500 அடிக்கு மேல் அந்தப் பலன் கூடவில்லை. வாட்ச் நானூறு அடியை விழுங்கிவிட்டதற்காகச் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

நாடி விஷயம் இன்னும் சுவாரசியம். ஏரிக்கரையில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில் என் வாட்ச் 168 என்றது. எனக்கே வயிற்றைக் கலக்கியது. நின்றேன். இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து 15 வினாடி எண்ணினேன். 34. நான்கால் பெருக்கினால் 136. அப்படியானால் 168 எங்கிருந்து வந்தது? மறுபடி ஓடி அடிகளை எண்ணிப் பார்த்தேன். நிமிடத்துக்கு ஏறக்குறைய அதே 168!

வாட்சைத் திருப்பினால் பச்சை விளக்கு மினுக்குவது தெரியும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலடியில் ரத்தம் கொஞ்சம் கூடும், திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடி. ஆனால் ஓடும்போது தொளதொளவென்று கட்டிய வாட்ச் ஒவ்வொரு காலடிக்கும் தோலைவிட்டு எழும்பி ஒட்டும். அதுவும் ஒளியில் ஏற்ற இறக்கம்தான், அதுவும் தாளம் தப்பாதது. இரண்டு தாளத்தில் உரக்கக் கேட்பதை வாட்ச் பிடித்துக்கொள்கிறது. ஓட்டக்காரர்களுக்குப் பழகிய தொல்லை இது. விலை உயர்ந்த வாட்சிலும் நடக்கும். மருந்து எளியது: மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரற்கடை மேலே தள்ளி, வாட்ச் நகராத அளவுக்கு, ஸ்ட்ராப்பில் ஓர் ஓட்டை கூட இறுக்கிக் கட்டுவது. "இறுக்கினா சரியாயிடும்" என்று தோலில் தழும்பு விழும்படி கட்டுகிறவர்களும் உண்டு. அது ரத்த ஓட்டத்தையே நசுக்கி, அளக்க வந்ததை இல்லாமல் செய்துவிடும். வியர்வை, தேங்காய் எண்ணெய், சன் ஸ்க்ரீன் படிந்த கண்ணாடியை மெல்லிய துணியால் துடைத்தாலே பாதி வியாதி தீரும். மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியவர்களுக்குப் பச்சை ஒளி உள்ளே போகாது. மறு கையில் கட்டிக்கொள்ளலாம். துல்லியமாகவே வேண்டும் என்பவர்களுக்கு மார்புப் பட்டை இருக்கிறது. அது ஒளியை நம்பாமல் இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கும். பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-லேயே கொண்டுவந்த சரக்கு.

இங்கே கட்டாயம் யாராவது அந்த வாட்ஸ்அப் வீடியோவை நீட்டுவார்கள். வாழைப்பழத்துக்குக் கட்டினாலும் நாடி காட்டுகிறதே! காட்டும். கூண்டைத் திறந்தால் ஏதாவது ஒரு சீட்டை எடுத்தே தீரும் ஜோசியக் கிளி மாதிரி, மலிவு வாட்சுகளுக்குத் 'தெரியவில்லை' என்று சொல்லத் தெரியாது. கையில்தான் இருக்கிறோம் என்று நம்பி, கிடைத்த இரைச்சலில் ஒரு தாளத்தைத் தேடி எடுத்து நீட்டிவிடும். இது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாழைப்பழச் சோதனை நிரூபிப்பது, வாட்சுக்கு வாழைப்பழத்தை அடையாளம் தெரியாது என்பதை மட்டும். மனிதக் கையில் சரியா தப்பா என்று பார்க்க, மனிதக் கையில் கட்டி, கழுத்தில் விரல் வைத்து எண்ணித்தான் ஆக வேண்டும்.

தூரம் பற்றிய சண்டை இரண்டு பேர் சேர்ந்து நடக்கும்போது வரும். பக்கத்தில் பக்கத்தில் ஏரியைச் சுற்றியவர்களுக்கு வேறு வேறு கிலோமீட்டர். இரண்டாயிரத்துக்குள் கிடைக்கும் வாட்சுகள் பலவற்றில் ஜிபிஎஸ்ஸே கிடையாது; போனிடம் கடன் வாங்குகின்றன. போனோ பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று திரை அணைந்ததும் செயலியைத் தூங்க வைத்துவிடும். போன் செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் போதும். சொந்த ஜிபிஎஸ் உள்ள வாட்சையும் மிச்சம் பிடிக்கும் முறையில் ஓட விட்டால் இடத்தை அடிக்கடி குறிக்காது. வளைந்து போகும் கரையை நேர்கோடாக வெட்டி, தூரத்தைக் குறைத்துவிடும். பூந்தமல்லி சாலையில் மெட்ரோ மேம்பாலத்துக்கு அடியில் நடப்பவருக்கு வானமே மறைந்திருக்கிறது. வருகிற சிக்னலும் கான்கிரீட்டில் மோதித் திரும்பி வருவது. 1575.42 மெகாஹெர்ட்ஸோடு 1176.45-லும் கேட்கும் இரட்டை அலைவரிசை வாட்சுகள் இந்த இடத்தில் உண்மையாகவே மேல். காசு பேசும் ஓர் இடம் இது. மற்றவர்கள், வெட்டவெளியில் நின்று ஜிபிஎஸ் கிடைத்துவிட்டது என்று காட்டிய பிறகு நடக்கத் தொடங்கினாலே நல்ல மாற்றம் தெரியும்.

கடைக்காரர் சொல்லும் சர்வரோக நிவாரணி 'ரீசெட்'. அணைத்துப் போடுவது தவறில்லை. முழு ரீசெட் வேறு சமாச்சாரம். உங்கள் நடையைப் பார்த்துப் பார்த்து வாட்ச் கற்றுவைத்த அடி நீளமும், சிங்க் ஆகாத பதிவுகளும் அதோடு போய்விடும். ஆப்பிளே தன் வாட்சைப் பழக்க 20 நிமிடம் வெளியில் நடக்கச் சொல்கிறது. ரீசெட் செய்தால் அந்தப் பாடத்தை முதலிலிருந்து எடுக்க வேண்டும்.

டுபாக்கூர் என்ற சொல்லை நான் ஒரே இடத்தில் முழு மனதோடு ஒப்புவேன். விரலில் ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு சொல்லும் என்று விற்கிற வாட்ச். அப்படித் தானாகச் சர்க்கரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரி 21 அன்று எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றுவது உயிரோடு விளையாட்டு.

மற்றபடி, புது வாட்சுக்கு ஈ.எம்.ஐ. போடுமுன் நாளைக் காலை ஒரு வேலை செய்யுங்கள். வயது, உயரம், எடையைத் திருத்துங்கள். வாட்சைத் துடைத்து, மேலே தள்ளிக் கட்டுங்கள். கையை வீசி 200 அடியை வாய்விட்டு எண்ணி நடங்கள். பத்து கூடக் குறைய இருந்தால் அந்த வாட்சையே கட்டிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை அசையவே இல்லை, பச்சை விளக்கும் எரியவில்லை என்றால், பில்லைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் ஒரு வருட வாரண்டி இருக்கும்.